எழுநூற்று நாற்பத்து மூன்றாம் ஆட்டக்காரன்

ஸ்கார்ஹோம் ரக்பி லீக் க்ளப்பின் சரித்திரத்தை எழுதியவன் நான்தான். பெயர் லெஸ் தியூலிஸ், வயது அறுபத்தாறு, பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போட்டுப் போட்டே முதுகு வளைந்தவன். சரித்திரம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நூற்றிருபது வருஷத்தில் மூன்று கோப்பை, இரண்டு முறை சாம்பியன், ஒரு முறை பார்வையாளர் கொட்டகை தீப்பிடித்தது, அவ்வளவுதான். 1936-ல் கோப்பையோடு ரயிலிலிருந்து இறங்கிய அணியை ஊரார் நிலக்கரி வண்டியில் ஏற்றி, குதிரையை அவிழ்த்துவிட்டு, தாங்களே மைதானம்வரை இழுத்தார்கள். 1954 இறுதி ஆட்டத்தில் தாடை உடைந்த ஆர்னல்ட் க்ரெப்டன் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு கடைசி இருபது நிமிஷம் ஆடி, ஜெயித்த பிறகுதான் மயங்கி விழுந்தான். இன்றைக்கு அதே க்ளப் மூன்றாம் பிரிவில் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடக்கிறது. ஆட்டத்துக்கு நானூறு பேர் வந்தால் எங்களுக்கு அது திருவிழா.

ஆனால் எங்கள் ஆட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முதல் அணிக்காக ஒரே ஒரு நிமிஷம் களத்தில் நின்றவனுக்கும் ஓர் எண் கொடுப்போம், முதல் ஆட்டம் ஆடிய தேதி வரிசைப்படி. செத்தாலும் அந்த எண் அவனுடையதுதான், மகனுக்குக்கூடப் போகாது. எங்கள் ஊர்க் கல்லறைகளில் இறந்த தேதிக்குக் கீழே அதைச் செதுக்கியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் தோளிலும் கையிலும் பச்சை குத்தியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று வரை அந்தப் பட்டியலைத் தயாரித்தவனும் நான்தான். பழைய பத்திரிகைகளைத் தோண்டி, விதவைகளின் பீரோக்களைக் குடைந்து, பதினோரு வருஷம் ஆயிற்று.

அந்தப் பட்டியலில் 742-க்கு அடுத்து 744 வரும். இடையில் ஓர் எண்ணைக் காணோம்.

"என்ன லெஸ், எழுநூத்தி நாப்பத்தி மூணு பஸ்ஸ விட்டுட்டானா?" என்று மதுக்கடையில் என்னைப் பார்க்கிறவன் எல்லாம் கேட்பான். தட்டச்சுப் பிழை என்பேன். ஒரு கால்புள்ளி தப்பினாலும் தூக்கம் வராத மனிதன் நான் என்று தெரிந்தும் ஊர் அதை நம்பியது. அடுத்தவன் சறுக்கினான் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எண் கொடுக்காத ஒரு கூட்டமும் உண்டு. அதைச் சொல்ல ரக்பியின் இரண்டு சாதிகளைச் சொல்ல வேண்டும். எங்களுடையது லீக்: சுரங்கக்காரனும் ஆலைக்காரனும் கூலி வாங்கிக்கொண்டு ஆடுவது. மற்றது யூனியன்: காசு தொடாமல் ஆடுவதாகச் சொல்லிக்கொள்வது. அந்தக் காலத்தில் யூனியன் ஆட்டக்காரன் எங்கள் பக்கம் வந்து ஒரு ஆட்டம் ஆடினான் என்று தெரிந்தால் போதும், ஆயுள் முழுக்க ஊர்விலக்கம். அதன் பிறகு அவன் ஆடவும் கூடாது, தன் ஊர் க்ளப் கட்டடத்துக்குள் நுழைந்து ஒரு குவளை பியர் குடிக்கவும் கூடாது. அதனால் வேல்ஸிலிருந்து சோதனை ஆட்டத்துக்கு வருகிற பையன்களின் பெயரை நாங்கள் வெளியிட மாட்டோம். ஆட்டக்காரர் பட்டியலில் 'ஏ. என். அதர்' என்று போடுவோம். 'வேறொருவன்' என்று பொருள்படும் 'அனதர்' என்ற ஆங்கிலச் சொல்லையே உடைத்து ஒரு மனுஷப் பெயர் மாதிரி ஆக்கியது. பிடித்துப்போனால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் அவன் வந்த சுவடு தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் பழையபடி ஆடலாம். எங்கள் க்ளப்புக்கு அப்படி முப்பத்தொரு அதர்கள் ஆடியிருக்கிறார்கள். பெயருக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் கிடைக்காத அதருக்கு எண் கிடையாது. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம், கொட்டகைக்குக் கீழே தைல வாடை அடிக்கும் என் அறைக்கு ஏவ்ரில் பென்ரி வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள்.

"உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்" என்றேன்.

"நிக்கிறேன், பரவால்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நம்பர் வேணும்."

"இட்வலுக்கா?"

"எழுபத்தி மூணுல ஒரு ஆட்டம் ஆடுனாரு. ரெண்டு ட்ரை போட்டாரு. மூட்டு போச்சு. உங்களுக்குத் தெரியாதா என்ன, நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்களே." கைப்பையை மேசைமேல் வைத்தாள். "நுரையீரல் சுத்தமா போயிடுச்சு. கோடையப் பாக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வேற ஒண்ணுமே கேக்கல அந்த மனுஷன். நூத்தியிருபதாவது வருஷ விருந்துல எல்லாருக்கும் நம்பர் குடுக்குறாங்களாமே, எனக்கும் குடுப்பாங்களான்னு கேட்டாரு."

"அந்த ஆட்டத்துக்குப் பட்டியல்ல ஏ. என். அதர்னுதான் இருக்கு. காகிதம் ஏதாவது..."

"காகிதம் இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"விதின்னு ஒண்ணு இருக்குங்க."

 அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

காகிதம் இருந்தது. என் மேசையின் அடி அறையில், 1936 அணியின் புகைப்படத்துக்குப் பின்னால்.

1973 நவம்பர் பத்தாம் தேதி, சனிக்கிழமை. எனக்கு இருபத்து மூன்று வயது. ரசிகர் சங்கத்துக்காக இரண்டு பக்கச் செய்தித்தாள் ஒன்றை நானே தட்டச்சு செய்து, உருளை இயந்திரத்தில் இருநூறு பிரதி சுற்றி விற்பேன். அன்றைக்கு வலது ஓரத்தில் ஓர் அதர் ஆடினான். அப்படி ஓடுகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. முதல் பாதியிலேயே இரண்டு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி இரண்டு ட்ரை போட்டான். எழுபதாவது நிமிஷம் இரண்டு பேர் அவன் காலின்மேல் விழுந்தார்கள். மூட்டு பக்கவாட்டில் திரும்பியதைக் கொட்டகையிலிருந்தே பார்க்க முடிந்தது. தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுவந்தபோது நான் பென்சிலோடு பக்கத்தில் நின்றேன். ஆம்புலன்ஸ்காரர் பெயர் கேட்டார். வலியில் கண் செருகியபடி அவன் சொன்னான்: இட்வல் பென்ரி.

எனக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. தொண்டையில் மீன் முள் சிக்கின மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமைச் செய்தித்தாளில் அணியின் பதின்மூன்று பெயரையும் போட்டேன். அது போதாதென்று, 'நம் மனத்தைக் கொள்ளைகொண்ட ஏ. என். அதர் வேறு யாருமல்ல, வேல்ஸ் தந்த இட்வல் பென்ரிதான்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் கொடுத்தேன். பாராட்டி எழுதினேன் ஐயா. அவன் படித்தால் சந்தோஷப்படுவான் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பெரிய முட்டாளாக ஒரு புள்ளிவிவரப் பைத்தியத்தால் மட்டும்தான் இருக்க முடியும்.

யாரோ ஒரு பிரதியைத் தபாலில் வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் அவனுக்கு ஆயுள் தடை வந்தது. எங்கள் நிர்வாகிகளோ மூட்டுப் போனவனோடு ஒப்பந்தம் போட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் அவன் இரண்டும் கெட்டான் ஆனான். அவன் அப்பா வேல்ஸில் அதே ஊர் க்ளப்பின் மைதானக் காவலர். அவர் மகனுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டிக்கொண்டிருந்த ஏவ்ரிலைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டான். சுரங்கத்தில் நிலக்கரி சலிக்கும் கொட்டகையில் வேலை. பன்னிரண்டு வருஷம் அந்தத் தூசியைத் தின்றான்.

அந்த இதழ் பத்துப் பிரதிகூட விற்றிருக்கவில்லை, மிச்சத்தையெல்லாம் கொளுத்தினேன். ஒன்றை மட்டும் கொளுத்தக் கை வரவில்லை. பிறகு பட்டியல் போட்டபோது அவன் பெயரை எழுதினால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள் என்று பயந்தேன். அந்த எண்ணை அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. காலியாக விட்டேன். மனசாட்சிக்கு அது போதும் என்று இத்தனை வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு கூடியபோது ஏவ்ரில் நேராக உள்ளே வந்துவிட்டாள். தலைவர் ரஸ்ஸல் ஸ்டான்க்ளிஃப் கறி அடைத்த 'பை' பலகாரமும் பட்டாணியும் வாய் நிறைய வைத்திருந்தான். முன்னாளில் முன்வரிசை ஆட்டக்காரன், எண் 871. விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்து முன்னங்கையைக் காட்டினான்.

"ஏவ்ரில், எனக்கு உங்க வீட்டுக்காரர் மேல மரியாத உண்டும்மா. ஆனா நடுவுல ஒரு ஆளச் சொருகினா நான் எண்ணூத்தி எழுவத்திரெண்டு ஆயிடுவேன். இதப் பாரு, குத்தியாச்சு. கைய வெட்டிக்கவா?"

"உன் கைய வச்சு நான் என்ன சூப்பா வைக்கப் போறேன்? எழுநூத்தி நாப்பத்தி மூணு காலியாத்தான இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து விரலால் பக்கத்தைக் காட்டினாள்.

"எழுநூத்தி நாப்பத்திரெண்டு ஆடினது அக்டோபர். எழுநூத்தி நாப்பத்தி நாலு ஆடினது டிசம்பர். எங்க வீட்டுக்காரர் ஆடினது நவம்பர் பத்து." என் பக்கம் திரும்பினாள். "தட்டச்சுப் பிழைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிற. பிழைக்கு எப்படிய்யா தேதி தெரியும்?"

ரஸ்ஸல் மெல்லுவதை நிறுத்தினான். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "இட்வல் பென்ரிதான். எனக்குத் தெரியும். உறுதியாச் சொல்றேன்" என்றேன்.

"எத்தன வருஷமா தெரியும்?"

"ரொம்ப வருஷமா."

"நீ சொல்லிட்டா போதும் லெஸ், காகிதம் எதுக்கு?" என்றான் ரஸ்ஸல். அவன் கை தப்பித்த சந்தோஷம் அவனுக்கு. "எழுதிக்கப்பா. எழுநூத்தி நாப்பத்தி மூணு, பென்ரி. முடிஞ்சுது."

விருந்து ஏப்ரலில். இட்வலால் அதுவரை தாங்க முடியாது என்பதால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் கொடுப்பது என்று முடிவாயிற்று. "நீயே கொண்டுவந்து குடு" என்று சொல்லிவிட்டு ஏவ்ரில் போனாள்.

ஆக, நான் தப்பித்துவிட்டேன். அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. சான்றிதழைக் கொடுத்துவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு, நல்லவனாகவே வீடு திரும்பலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அந்தத் தாளை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். கொடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. பேருந்தில் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

இட்வலின் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆக்சிஜன் இயந்திரம் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. மனிதர் எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். சான்றிதழை மடியில் வைத்ததும் அந்த எண்ணை விரலால் தடவினார்.

"நான்... ஆடினேன்" என்றார் ஏவ்ரிலிடம்.

"ஆடினீங்க. அதான் எழுதியே குடுத்துட்டாங்களே."

"சொன்னா... ஒருத்தனும் நம்பல. சுரங்கத்துல... கத விடுறான்னுவானுங்க." மூச்சு வாங்க நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டாவது ட்ரை... நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நடுக்கோட்டுலேர்ந்து ஓடினீங்க. நாலு பேரத் தாண்டினீங்க."

"அஞ்சு."

"அஞ்சு" என்றேன். என் குறிப்பில் நான்குதான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கணக்கை விட்டுக்கொடுத்தேன்.

ஏவ்ரில் தேநீர் கொண்டுவந்தாள். இத்தோடு எழுந்து போயிருக்கலாம். அவர்தான் பேச்சை எடுத்தார்.

"என் பேரு... உங்களுக்கு அப்பவே எப்படித் தெரியும்? எங்க ஊர்ல... ஒருத்தனுக்குத்தான்... தெரியும்."

"யாருக்கு?"

"க்விலிம். என் தம்பி." முகம் இறுகியது. "ரயில்ல கூட வந்தான். என் பையத் தூக்கிட்டு. அவந்தான்... காட்டிக் குடுத்தான். ஓரத்து எடம்... ஊர் அணில... அவனுக்குக் கெடச்சுதுல்ல."

ஏவ்ரில் குறுக்கிட்டாள். "தான் சொல்லலன்னு தம்பி எத்தன கடுதாசி போட்டாரு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும். மொதக் கடுதாசிக்கப்புறம் இவரு பிரிக்கிறதே கெடையாது, அப்படியே அடுப்புல போட்ருவாரு. எண்பத்தொண்ணுல மாமனார் செத்தப்ப போனோம். சாவுச் சாப்பாடு க்ளப் கட்டடத்துல. இவர உள்ள விடல. மழைல ரோட்டுல நின்னாரு. தம்பி வெளிய வந்து கையப் புடிச்சாரு. இவரு ஒதறிட்டு வந்துட்டாரு."

"செத்துட்டான்" என்றார் இட்வல். "ரெண்டு வருஷம் ஆச்சு. நான்... போகல. பரவால்ல. இப்ப... நம்பர் வந்துருச்சு. மன்னிச்சுட்டேன் அவன."

தடையையும் மூட்டு போனதையும் தூசியையும் பற்றித்தான் நான் நாற்பத்து மூன்று வருஷம் வெந்துகொண்டிருந்தேன். தம்பி என்று ஒருவன் இருந்ததே எனக்குத் தெரியாது. செய்யாத குற்றத்துக்கு மன்னிக்கப்படுகிறான் அந்த மனிதன், மண்ணுக்குள் இருந்துகொண்டு. அங்கே நான் வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்திருந்தால் என்னை மனிதன் என்றே சொல்லக் கூடாது. குடிக்கத்தான் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கோப்பையைத் தூக்கினேன். உதடு வரை கொண்டுபோய்த் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

தாளை எடுத்து அவர் மடியில், சான்றிதழின் மேலேயே வைத்தேன்.

"க்விலிம் இல்லைங்க. நான். உங்களத் தூக்கிட்டு வந்தப்ப ஆம்புலன்ஸ்காரர்கிட்ட நீங்களே பேரச் சொன்னீங்க. பக்கத்துல நின்னேன். எழுதிட்டேன். யாரோ அத வேல்ஸுக்கு அனுப்பிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கேட்டார். ஏவ்ரில் மாட்டிவிட்டாள். மங்கிப்போன ஊதா எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாராட்டு உட்பட. இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏவ்ரில்... நெஸ்டா நம்பர்... இருக்கா?"

நெஸ்டா க்விலிமின் மனைவி. சாவுச் செய்தி எழுதிய கடிதத்தில் தொலைபேசி எண் போட்டிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் ஏவ்ரில் அடுப்புக்குப் போகவிடாமல் சமையல் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். எடுத்து வந்து எண்களை அழுத்தினாள். இட்வல் கருவியை வாங்கவில்லை. என்னைக் காட்டினார்.

"நீ சொல்லு. எனக்கு... மூச்சு இல்ல."

மறுமுனையில் ஒரு வயதான குரல். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். க்விலிம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, நான்தான் அச்சில் போட்டேன் என்று சொன்னேன். 

"தான் சொல்லலன்னு எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியுமே" என்றாள். "அத இவ்வளவு நாள் கழிச்சு எனக்கு எதுக்குய்யா சொல்ற? இட்வல் பக்கத்துல இருக்காரா? காதுல வையி."

வைத்தேன். அவள் வெல்ஷில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இட்வல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு முறை ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். பிறகு இணைப்பு அறுந்தது. கருவியை அவர் காதிலிருந்து எடுக்க நான் கொஞ்ச நேரம் துணியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று ஏவ்ரில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் மூன்று முறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

"மூணு தடவ... வந்திருக்கான். அங்கேர்ந்து... ரயிலேறி. நம்ம தெருமுன வரைக்கும் வந்து... நின்னுட்டு... திரும்பிப் போயிருக்கான்."

ஏவ்ரில் அவர் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். சான்றிதழும் தாளும் தரையில் விழுந்தன. இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, மைதானத்தைச் சுற்றி, வீடு வரைக்கும் நடந்தே போனேன்.